உறைந்த பாலில் காரம்

அநியாயம் நடந்தது ஜெகதாவுக்கு. வெந்தது அவர் கை. கொட்டகையை விட்டு வெளியே அனுப்பப்பட்டதும் அவர்தான்.

சுட்டவர் ஏகாம்பரம். அவர் உள்ளேயே இருந்தார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வேங்கைக் குடிலில் இருந்த எல்லோரும் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசித்து முடித்து, சோப்புக்குக் காகிதம் சுற்றும் வேலைக்கு ஜெகதாவை மாற்றினார்கள்.

வேங்கைக் குடில் ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஆசிரமம். தியானம் உண்டு, ஆடுகள் உண்டு. ஆட்டுப் பாலில் சோப்பு செய்து விற்றுத்தான் அங்கே அடுப்பு எரிகிறது. குரு தவமணியம்மா. சிஷ்யர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை அம்மா என்பார்கள். அவர் அவர்களை அக்கா என்றும் அண்ணே என்றும் கூப்பிடுவார். யாருக்கும் அதில் சிரமம் இருந்ததில்லை.

ஜெகதா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். யூனியனில் பேசிப் பேசியே தொண்டை கனத்தவர். ஏகாம்பரம் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ மாஸ்டராக இருந்தவர். குடிலுக்கு வந்த பிறகும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். குருவைக்கூட அங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

இருவரும் சேர்ந்துதான் காரம் கரைப்பார்கள். காரம் என்றால் காஸ்டிக் சோடா. வெள்ளைச் செதில். பார்க்க உடைத்த கல்கண்டு மாதிரி இருக்கும். தோலில் பட்டால் தோலைத் தின்னும். ஈரத்தில் விழுந்ததும் சூடேறும், அந்தச் சூட்டில் பால் கருகிவிடும். அதனால்தான் பாலைக் கட்டியாக உறையவைத்து, பாத்திரத்தை ஐஸ் தண்ணீருக்குள் நிறுத்தி, காரத்தைக் கரண்டி கரண்டியாகப் போட வேண்டும். பாலில்தான் காரத்தைப் போடலாம். காரத்தின் மேல் பாலை ஊற்றவே கூடாது. அலுமினியப் பாத்திரம் எதுவும் சோப்புக் கொட்டகை வாசலைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் தவமணியம்மா சொல்லிக்கொடுத்தது.

தவமணியம்மா ஊருக்குப் போயிருந்தபோது ஒருநாள் கரண்ட் போனது. பால் உறையவில்லை.

“நாளைக்குப் பாத்துக்கலாம் மாஸ்டர்” என்றார் ஜெகதா.

“ஜில்லுன்னுதானே இருக்குது. போதும்.”

ஏகாம்பரம் காரம் இருந்த டப்பாவைப் பாலில் அப்படியே கவிழ்த்தார்.

பால் மஞ்சளானது. மஞ்சள் செங்கல் நிறமானது. மூக்கைப் பிடுங்குகிற நெடி. கையுறையைத் தாண்டிப் பாத்திரம் சுட்டது. சூடான பால் என்றால் ஏகாம்பரத்தின் கைகளுக்கு ஒரே ஒரு காரியம்தான் தெரியும். பக்கத்தில் இருந்த இன்னொரு எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்தார். பால் இருந்த பாத்திரத்தைத் தலைக்கு மேலே தூக்கினார்.

“மாஸ்டர், வேண்டாம்! ஆத்தாதீங்க!”

டீயாக இருந்தால் நாடா மாதிரி இறங்கியிருக்கும். இது தெறித்தது. சேலைக்கு மேலே ஜெகதா போட்டிருந்த முழுக்கை வேலைச் சட்டையை நனைத்து உள்ளே இறங்கியது.

சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஜெகதா குழாயடிக்கு ஓடினார். பொறுப்பாளர் சாமிக்கண்ணு எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். “பழமெல்லாம் வேண்டாம், தண்ணியை மட்டும் நிறுத்திடாதீங்க” என்று ஜெகதா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஓடுகிற தண்ணீரில் கையை நீட்டியபடி வெகு நேரம் நின்றார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. கை பிழைத்தது.

எப்படி ஆச்சு, யார் தப்பு என்று சாமிக்கண்ணு கேட்டார்.

“அந்தம்மா குறுக்கே வந்துட்டாங்க” என்றார் ஏகாம்பரம்.

மூன்றே சொல்.

கட்டுப் போட்ட கையோடு திரும்பி வந்த ஜெகதா, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் பந்தியில் இருக்கும்போது கத்தினார். ஒரே மூச்சில் கத்தினார். பொய் என்றார், கோழை என்றார், கம்பெனியில் நான் பார்க்காத ஆம்பளையா என்றார், கரண்ட் போனதையும் சொன்னார், கை போனதையும் சொன்னார், யாரோ ஒரு சூப்பர்வைசரையும் நடுவில் இழுத்தார். ஏகாம்பரம் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஜெகதா கத்தியது எல்லோருக்கும் கேட்டது. என்ன சொன்னார் என்பது ஒருவருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் சாமிக்கண்ணு வந்தார்.

“உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். அந்தக் கொட்டகை வேலை பொம்பளைங்களுக்கு வேண்டாம்.”

‘உன் நல்லதுக்கு’ என்று ஆரம்பித்த எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிந்ததாக ஜெகதாவுக்கு நினைவில்லை. இதுவும் அப்படித்தான் முடிந்தது.

தவமணியம்மா ஊரிலிருந்து திரும்பி வந்தபோது ஜெகதாவின் கையில் கட்டு இல்லை. புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. தோளில் துணிப்பை தொங்கியது.

“எங்கேக்கா கிளம்பிட்டீங்க?”

“ஆம்பூருக்கு.”

“யார் வீட்டுக்கு?”

ஜெகதா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். ஆம்பூரில் அவருக்கு இப்போது யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

“ஒரு கேள்வி இருக்குது குருவே. பதில் சொல்லிடுங்க, போயிடறேன்.”

கோபம் வந்தால் மட்டும்தான் ஜெகதா அவரைக் குருவே என்பார்.

“கேளுங்க.”

“தப்பு செஞ்ச கை உள்ளே இருக்குது. வெந்த கை வெளியே நிக்குது. இது எந்த ஊர் நியாயம்?”

தவமணியம்மா அந்தக் கையை வாங்கித் தன் கைமேல் வைத்துக்கொண்டார். தொட்டுப் பார்க்கவில்லை. குனிந்து மெல்ல ஊதினார், விழுந்து எழுந்த பிள்ளைக்கு ஊதுகிற மாதிரி.

“இன்னும் எரியுதா?”

“கை எரியல.”

“ம்.”

“சாமிக்கண்ணு அண்ணன் சொல்றதை நீங்களும் சொல்லப்போறீங்களா?”

“இல்ல. உங்களுக்கு என்ன வேணும்? அவரை அனுப்பிடணுமா?”

“அவர் போகணும்னு நான் சொல்லவே இல்ல.” ஜெகதாவின் குரல் ஏறியது. “நான் குறுக்கே வரல. அதை அவர் வாயாலயே சொல்லணும். கூடத்துல, எல்லார் முன்னாடியும். அந்தக் கொட்டகையில நான் மறுபடி வேலை செய்யணும். வேற என்ன கேக்கறேன் நான்? மாலையா கேக்கறேன்?”

“இதை அவர்கிட்ட சொன்னீங்களா?”

“கூடத்துல அந்தக் கத்து கத்தினேனே!”

“இதைச் சொன்னீங்களா?”

ஜெகதா துணிப்பையின் காதை முறுக்கினார்.

“எல்லாத்தையும் சொன்னேன்” என்றார், கொஞ்சம் இறங்கி.

“சரி. பால் நல்லா உறைஞ்சிருக்குது. வேலைச் சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க.”

“என் கேள்விக்குப் பதில்?”

“பையை இங்கேயே வைங்க. யாரும் எடுக்க மாட்டாங்க.”

கொட்டகை வாசலில் சாமிக்கண்ணு நின்றிருந்தார். ஜெகதாவைப் பார்த்ததும் கையைக் குறுக்கே நீட்டினார். பின்னால் குரு வருவதைப் பார்த்துப் பாதி மடக்கினார்.

“அம்மா, பொம்பளைங்களுக்கு இந்த வேலை வேண்டாம்னு நாங்க எல்லாரும் பேசி...”

“நான் யாருண்ணே?”

“நீங்க குரு.”

“இன்னைக்கு ஒரு நாள் பொம்பளையா இருந்துக்கறேன். வழி விடுங்க.”

சாமிக்கண்ணுவின் மீதிக் கையும் மடங்கியது.

உள்ளே ஏகாம்பரம் அச்சுப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெகதா வந்த சத்தம் கேட்டது. துடைத்த பலகையையே திரும்பத் துடைத்தார்.

“மாஸ்டர், கையுறை போட்டுக்கங்க” என்றார் தவமணியம்மா. “பாத்திரத்தை நீங்க பிடிக்கணும். ஐஸ் தண்ணிக்குள்ள. காரம் முழுக்கக் கரையற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது.”

“அப்போ கரண்டி?”

“கரண்டி அக்காகிட்ட.”

“நான் வேணா ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போட்டுட்டு...”

“ஆடு சாப்பிட்டாச்சு.”

பெரிய பேசினில் தண்ணீரும் ஐஸும் நிரப்பினார்கள். உறைந்த பால் கட்டிகளை எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு நடுவில் நிறுத்தினார்கள். ஏகாம்பரம் இரண்டு கைகளையும் உள்ளே விட்டுப் பாத்திரத்தின் இடுப்பைப் பிடித்தார். எதிரே ஜெகதா. அளந்து வைத்த காரம் ஒரு டப்பாவில் மூடியிருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்ட இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்க்காமல் பாலைப் பார்த்தன.

ஜெகதா மூடியில் கை வைத்தார். திறக்கவில்லை.

“எனக்குப் புரிஞ்சுபோச்சு” என்றார் தவமணியம்மாவிடம். “நான் பாலு. அவர் காரம். நான் ஜில்லுன்னு இருந்துக்கிட்டு அவர் பண்றதையெல்லாம் வாங்கிக்கணும். அதானே? எந்த மடத்துக்குப் போனாலும் கடைசியில பொம்பளைதான் பாலு. அவதான் ஆறணும், அவதான் உறையணும்.”

“அக்கா, இது சோப்பு.”

“சோப்பா?”

“சோப்புத்தான். கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் விழுங்கிவிட்டார்.

தவமணியம்மா ஜன்னலைத் திறந்துவிட்டுக் குழாய்ப் பக்கமாகப் போய் நின்றார்.

“ஒரு கரண்டி போடுங்க. கிண்டுங்க. கரையட்டும். டப்பாவை மூடுங்க. மூடினப்புறம் மாஸ்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்புறம் அடுத்த கரண்டி.”

“என்ன சொல்றது?”

“அன்னைக்குக் கூடத்துல சொன்னதுதான்.”

ஜெகதா முதல் கரண்டியைப் போட்டார். பால் கட்டிகளுக்கு நடுவில் சின்னதாய் ஒரு வெடிப்புச் சத்தம். கிண்டினார். ஓரம் இளகியது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. டப்பாவை மூடினார்.

சொல்ல வேண்டியது நெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. ஒன்றை எடுப்பது கஷ்டமாக இருந்தது.

“நான் குறுக்கே வரல” என்றார்.

ஏகாம்பரம் பாலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு கரண்டி. கிண்டினார். மூடினார்.

“நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொன்னேன்.”

“சொன்னீங்க” என்றார் ஏகாம்பரம், தண்ணீருக்குள் சொல்கிற மாதிரி.

இன்னொரு கரண்டி.

“ஆத்தாதீங்கன்னும் சொன்னேன்.”

“சொன்னீங்க. காதுல விழுந்துச்சு. கை நிக்கல.”

“கை நிக்கலைன்னு எனக்கும் தெரியும்.”

ஏகாம்பரம் முதல் முறையாக நிமிர்ந்தார்.

“எத்தனை வருசமா ஆத்தின கை” என்றார் ஜெகதா. “அது தானாத்தான் போயிருக்கும். அதுக்கு நான் கோவப்படவே இல்ல மாஸ்டர். கை தானா போகும். வாய் தானா போகுமா?”

சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்தார். கரண்டி போனது, வந்தது.

“அந்த வாய்க்கு யார் சூடு வச்சாங்க? ஆஸ்பத்திரியில அந்த நர்சம்மாகூடக் கேக்கறாங்க, நீங்க ஏம்மா நடுவுல போனீங்கன்னு. கம்பெனியிலயும் இதே கதைதான். மெஷின் கையைக் கடிச்சா, கை ஏன் அங்கே போச்சுன்னுதான் கேட்டானுங்க...”

கரையும் முன்பே இன்னொரு கரண்டி விழுந்தது. மூடி போடவில்லை.

“ஜெகதாம்மா” என்றார் ஏகாம்பரம். “ஓரம் மஞ்சளாவுது.”

ஆமாம், மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நெடியும் லேசாகக் கிளம்பியது. பேசினுக்குள் ஐஸ் பாதி கரைந்திருந்தது. ஏகாம்பரத்தின் தோள்கள் உயர்ந்தன. முழங்கைகள் விரிந்தன. பாத்திரம் தண்ணீரை விட்டு ஒரு விரலளவு மேலே எழுந்தது.

ஜெகதா பின்வாங்கினார். சிவந்த கை தானாகவே மார்போடு ஒட்டிக்கொண்டது.

குழாய்ப் பக்கம் நின்ற தவமணியம்மா அசையவில்லை.

ஏகாம்பரம் அந்தக் கையைப் பார்த்தார். ஒட்டிக்கொண்ட விதத்தைப் பார்த்தார். பாத்திரத்தை மெல்லக் கீழே இறக்கினார். ஐஸ் தண்ணீர் மணிக்கட்டுவரை ஏறியது.

“பிடிச்சுட்டேன்” என்றார். “பிடிச்சுட்டேம்மா. பயப்படாதீங்க. நீங்க டப்பாவை மூடிட்டு ஐஸ் போடுங்க.”

ஜெகதா மூடினார். சுற்றிலும் ஐஸை அள்ளிப் போட்டார். பிறகு கிண்டினார். மஞ்சள் அதற்கு மேல் ஏறவில்லை. நெடி ஜன்னல் வழியாகப் போனது.

“இப்போ கருகல” என்றார் ஏகாம்பரம்.

“கருகல.”

“டீக்கடையில ஒரு தடவை ஒருத்தர் மேல ஊத்திட்டேன்” என்றார் ஏகாம்பரம். யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். “புதுச் சட்டை. கல்யாணத்துக்குப் போறவரு. முதலாளி வந்து யார் தப்புன்னாரு. என் தப்புதான்னேன். அன்னைக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. வீடு எங்கே இருக்குது? இங்கே வந்தேன்.”

ஜெகதா கிண்டிக்கொண்டிருந்தார்.

“சாமிக்கண்ணு அண்ணன் அதே மாதிரி கேட்டாரு. யார் தப்புன்னு.”

“அதனால?”

“அதனால அப்படிச் சொல்லிட்டேன்.”

“என்னைத் தள்ளிட்டு அந்த இடத்துல நீங்க நின்னுக்கிட்டீங்க.”

“ஆமா.”

“எனக்கு மட்டும் வேற இடம் இருக்குதா மாஸ்டர்?”

“இல்ல” என்றார் ஏகாம்பரம். “அது தெரிஞ்சுதான் சொன்னேன். அதான் சோறு இறங்க மாட்டேங்குது.”

ஜெகதா டப்பாவைத் திறந்தார். இந்த முறை கரண்டி நிதானமாகப் போனது. போட்டார், கிண்டினார், மூடினார். ஒன்றும் சொல்லாமல் அடுத்ததையும் போட்டார். கட்டிகள் எல்லாம் இளகி, பால் சந்தனக் குழம்பு மாதிரி தடித்திருந்தது. தந்த நிறம்.

ஏகாம்பரத்தின் உதடு வெளுத்திருந்தது. பாத்திரத்தைச் சுற்றித் தண்ணீர் மெல்ல நடுங்கியது.

“விறைச்சுப்போச்சா?” என்று கேட்டார் ஜெகதா.

“பரவாயில்ல.”

“எதுக்குப் பரவாயில்ல? விரல் இருக்குதா இல்லையான்னு பாருங்க.”

“பத்தும் இருக்குதுன்னு நினைக்கறேன். எண்ணிச் சொல்ல முடியல.”

ஜெகதா சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் கண்ணாடிக்குள் கண் கலங்கியது. உள்ளே கைவிட்டுத் துடைக்க முடியாது. அப்படியே விட்டார்.

டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் இன்னும் ஒரு கரண்டி இருந்தது.

“அம்மா” என்று தவமணியம்மாவைக் கூப்பிட்டார். குருவே என்று கூப்பிடவில்லை. “கொஞ்சூண்டுதான் மீதி. விட்டுடலாமே. பாவம், அவர் கை விறைச்சுக் கிடக்குது. இவ்வளவு பேசியாச்சு. நான் பையை எடுத்து உள்ளே வச்சிடறேன். போதும்மா.”

“எது போதும்?”

ஜெகதா பாலைப் பார்த்தார். கூடம் நினைவுக்கு வந்தது. பந்தியில் உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பிக்கொண்ட முகங்கள் நினைவுக்கு வந்தன. நாளைக்கும் அங்கேதான் சாப்பிட வேண்டும்.

“அவர் இங்கே ஒத்துக்கிட்டாருல்ல” என்றார், மெதுவாக. “எனக்கு அது...”

தலையைக் குனிந்துகொண்டார்.

தவமணியம்மா குழாயடியிலிருந்து வந்தார். கவிழ்ந்திருந்த ஜெகதாவின் தலையில் ஒருமுறை கை வைத்தார்.

“மெதுவாப் போடத்தான் சொன்னேன்க்கா. குறைச்சுப் போடச் சொல்லல.”

ஜெகதா டப்பாவைத் தட்டி, கடைசிச் செதில்வரை கரண்டியில் எடுத்தார். பாலில் தூவினார். ஒரு துகள்கூடத் தெரியாத வரைக்கும் கிண்டினார். காலி டப்பாவை மூடினார்.

“கூடத்துல சொல்லணும் மாஸ்டர்” என்றார். குரல் உயரவே இல்லை. “எல்லார் முன்னாடியும். நான் குறுக்கே வரலைன்னு. நீங்களே சொல்லணும்.”

பேசினில் ஒரு ஐஸ் துண்டு புரண்டது. வாசலில் சாமிக்கண்ணுவின் நிழல் தெரிந்தது.

ஏகாம்பரம் கையை எடுத்திருக்கலாம். காரம் கரைந்துவிட்டது. அவர் எடுக்கவில்லை.

“இப்பவே எல்லாரையும் இங்கே கூப்பிடுங்கம்மா” என்றார் தவமணியம்மாவிடம். “கையை வெளியே எடுத்துட்டேன்னா எனக்குத் தைரியம் போயிடும்.”